ஹெலன் டன்மோர்: கவிஞரா, நாவலாசிரியரா? படித்தவர்கள் வாருங்கள்

கொய்யாமரம்:

மூன்று மாதமாக ஹெலன் டன்மோரைத் தவிர வேறு யாரையும் கையில் எடுக்கவில்லை. பேச ஆள் வேண்டும் என்று தோன்றியது, அதனால்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1952 டிசம்பரில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பெவர்லி என்ற ஊரில் பிறந்தவர், நான்கு பிள்ளைகளில் இரண்டாவது. யார்க் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு பின்லாந்துக்குப் போய் இரண்டு வருடம் ஆசிரியராக வேலை பார்த்தார். பிறகு பிரிஸ்டலில் குடியேறினார். முதல் புத்தகம் 'தி ஆப்பிள் ஃபால்', 1983-இல் வந்த கவிதைத் தொகுப்பு. பெரியவர்களுக்கான முதல் நாவல் வர இன்னும் பத்து வருடம் ஆனது. 2017 ஜூன் 5 அன்று புற்றுநோயில் இறந்தார், வயது 64. கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரியவர்களுக்கான நாவல் மட்டும் பதினைந்து, கவிதைத் தொகுப்பு பத்து, அது போகச் சிறுகதைகள், பிள்ளைகளுக்கான புத்தகங்கள்.

இவரை எங்கே பார்த்தாலும் 'வரலாற்று நாவலாசிரியர்' என்று ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பத்து வருடம் பெரும்பாலும் கவிதையே எழுதிப் பழகிய கை அது, நாவலுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை என்பதுதான் என் கட்சி. 'தி சீஜ்' (2001) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1941-இல் ஜெர்மன் படை ரஷ்யாவின் லெனின்கிராட் நகரைச் சுற்றி வளைக்கிறது. வேறு யாராக இருந்தாலும் ஸ்டாலின், ஹிட்லர், தளபதிகள், வரைபடம் என்று போயிருப்பார்கள். டன்மோர் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார். அன்னா என்ற இருபத்து மூன்று வயதுப் பெண், அவளுடைய ஐந்து வயதுத் தம்பி கோல்யா, எழுதினாலும் அச்சேற முடியாத நிலையில் இருக்கும் அப்பா, அந்த வீட்டுக்கு வந்து சேரும் ஒரு பழைய நடிகை, ஆண்ட்ரே என்ற மருத்துவ மாணவன். இவர்களோடு ஒரு தகர அடுப்பு. புர்ஷூய்கா என்பார்கள், கையால் தூக்கிவிடக்கூடிய சின்ன அடுப்பு. அந்தக் குளிர்காலம் முழுக்கக் கதை இந்த அடுப்பைச் சுற்றித்தான் நகர்கிறது: இன்றைக்கு எதைப் போட்டு எரிப்பது? நாற்காலியையா, புத்தகத்தையா?

அந்த நவம்பர் 20-இலிருந்து டிசம்பர் 25 வரை தொழிலாளி அல்லாத ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு ரேஷன் 125 கிராம் ரொட்டி. அதிலும் மாவு பாதிதான், மீதி மரக்கூழ் போன்ற சேர்மானங்கள். இந்த எண் எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் இருக்கும். ஆனால் அதை ஒரு அக்கா எப்படித் துண்டு போடுவாள், தம்பியின் பங்கை எந்த நேரத்துக்கு எடுத்துவைப்பாள், அவன் சப்பிச் சப்பித் தின்னும்போது இவள் கண்ணை எங்கே வைத்துக்கொள்வாள்? அதெல்லாம் கவிதை எழுதுகிறவர் பார்க்கிற பார்வை.

உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். எதிர்க்கட்சிக்காரர்களும் வரலாம்.

ஈரநிலா:

எதிர்க்கட்சி வந்துவிட்டது. :)

'தி சீஜ்' நூறு பக்கம் படித்துவிட்டு மூடி வைத்தேன். காரணம் நீங்கள் பாராட்டுகிற அதே விஷயம்தான். கோடைகாலத்தில் புறநகர் வீட்டுத் தோட்டம், வெங்காயம், முள்ளங்கி, மண் வாசனை என்று தொடங்கிய எழுத்து பட்டினிக்குள் நுழைந்த பிறகும் அதே நேர்த்தியோடுதான் போகிறது. ஜன்னலில் படிந்த பனிப்பூ, மூச்சுக்காற்று உறைவது, எல்லாமே வாக்கிய வாக்கியமாகச் செதுக்கியது போல இருந்தது. லட்சக்கணக்கானவர்கள் செத்த இடம் கொய்யாமரம் அது. 872 நாள் முற்றுகை. அங்கே அழகான உவமை படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது, அப்படி ஒரு இடத்தில் எழுத்தாளர் தன் மொழியை ஏன் இவ்வளவு அழகாக வைத்திருக்க வேண்டும்?

கவிதைகள் பற்றி எனக்குத் தெரியாது, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

பாண்வரிசை:

நான் வழமையாக இங்கே வாசித்துவிட்டுப் போறவன், எழுதுவது குறைவு. ஈரநிலாவின் கேள்விக்கு என் பக்கத்தில் இருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

அம்மா இலங்கையில் பிரதமர் சிறிமாவோ காலத்துப் பாண் (ரொட்டி) வரிசையைப் பற்றி நிறையச் சொல்லுவா. விடியக் காலமை போய் நிண்டு ஒரு றாத்தல் (பவுண்டு) பாணோடு வருவது. அதற்குப் பிறகு தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை, அது என்ரை காலம். மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெயும் திரியும் வைத்துத்தான் படித்தோம். லெனின்கிராடோடு ஒப்பிடுகிற அளவுக்கு நாங்கள் பட்டினி கிடக்கவில்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு பொருள் இல்லாமல் போகும்போது அந்தப் பொருளை மனிதர் எப்படிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த விளக்கின் சுடர் எவ்வளவு உயரம் நிற்கிறது, அடியிலே எண்ணெய் எத்தனை விரல், இதை அந்தக் காலத்தில் நான் பார்த்த மாதிரி வேறு எதையும் உன்னிப்பாகப் பார்த்ததில்லை. தங்கச்சி திரியைத் தூண்டினால் எனக்குக் கோபம் வரும். 

ஆகவே அன்னா ஒரு வெங்காயத்தை அவ்வளவு நேரம் பார்க்கிறாள் என்றால் அது எழுத்தாளரின்ரை அலங்காரம் எண்டு எனக்குப் படவில்லை. பசித்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். 125 கிராம் எண்டால் கால் றாத்தலுக்குச் சற்றுக் கூட. அதைப் படித்தபோது குசினிக்குப் போய்ப் பாணை வெட்டி நிறுத்துப் பார்த்தேன். இரண்டு மெல்லிய துண்டும் ஒரு கரையும்.

ஈரநிலா:

பாண்வரிசை அண்ணா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுபடி எடுத்துப் படிக்கிறேன், இந்த முறை விட்ட இடத்திலிருந்து.

ஏவன்கரை:

பிரிஸ்டலில் ஏழு வருடமாக இருக்கிறேன். டன்மோர் வாழ்ந்த ஊர் என்பது இங்கே வந்து நாலு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அவருடைய 'பேர்ட்கேஜ் வாக்' நாவலை வாங்கியபோது.

பேர்ட்கேஜ் வாக் என்பது நிஜமாகவே இருக்கிற நடைபாதை. கிளிஃப்டன் பகுதியில் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே போகிறது. இரும்பு வளைவுகளை வரிசையாக நட்டு, அதன்மேல் லிண்டன் மரங்களை வளைத்துப் படரவிட்டிருக்கிறார்கள், கோடையில் பச்சைக் குகை மாதிரி இருக்கும், குளிர்காலத்தில் வெறும் கிளையும் கம்பியுமாகப் பறவைக்கூண்டேதான். பக்கத்தில் இருந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இரண்டாம் உலகப்போர் குண்டுவீச்சில் போய்விட்டது, அது இருந்த இடம் மட்டும் புல்தரையாகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் சாய்ந்த கல்லறைக் கற்கள், பாதியில் எழுத்தே அழிந்துவிட்டது. நாவலின் தொடக்கத்தில் இந்தக் காலத்து ஆள் ஒருவர் நாயோடு நடந்துவரும்போது ஒரு கல்லைப் பார்க்கிறாரே, அந்தக் காட்சி இங்கேதான். ஜூலியா ஃபாக்ஸ் என்ற எழுத்தாளரின் கல். அவருடைய வார்த்தைகள் நமக்குச் சொத்தாக நிற்கின்றன என்று அதில் பொறித்திருக்கிறது. அவர் எழுதியதில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை, தேடினாலும் கிடைக்காது. கற்பனைப் பாத்திரம்தான், ஆனால் அந்தப் பாதையில் நின்று படித்தபோது ஒவ்வொரு கல்லையும் குனிந்து பார்த்தேன்.

கதை 1792-இல் நடக்கிறது. ஜூலியாவின் மகள் லிஸ்ஸி, அவளுடைய கணவன் டைனர் ஒரு கட்டடக்காரன், ஏவன் பள்ளத்தாக்கின் விளிம்பில் 200 அடி உயரத்தில் வரிசை வீடுகள் கட்டுகிறான். பிரான்ஸில் புரட்சி, அடுத்து போர் வரும் என்ற பயம், வாங்க ஆள் இல்லை, கடன் கழுத்தை நெரிக்கிறது. இது நிஜ வரலாறு. 1793 நெருக்கடியில் கிளிஃப்டன் மலைமேல் வீடுகள் கூரையில்லாமல் பாதியில் நின்றன. இன்றைக்கு அதே வரிசை வீடுகளை வேலைக்குப் போகும்போது தினமும் பார்க்கிறேன், ஊரிலேயே விலை அதிகமான இடம்.

கொய்யாமரம் சொன்ன 'வரலாற்று நாவலாசிரியர் இல்லை' என்பதில் பாதிதான் ஒத்துப்போவேன். வரலாறு இவருக்குப் பின்னணித் துணி இல்லை. யாருடைய பெயர் காகிதத்தில் ஏறாமல் போனதோ அவர்களைத்தான் எழுதுகிறார். அதற்கு வரலாறு தெரிந்தே ஆகவேண்டும்.

கொய்யாமரம்:

ஏவன்கரை, அந்தப் பாதையைப் பற்றி எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், நான் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன்.

அந்த நாவலின் பின்னுரையைப் படித்தீர்களா? எழுதிக்கொண்டிருந்தபோதே தன் உடம்புக்குள் கடுமையான நோய் இருந்திருக்கிறது, ஆனால் அப்போது தனக்குத் தெரியாது என்கிறார். தெரியாமலே, ஒரு மனிதர் போன பிறகு என்ன மிஞ்சும் என்ற கேள்வியைச் சுற்றி முழு நாவலையும் கட்டியிருக்கிறார். மனசுக்குத் தெரியாத ஒன்று எழுதுகிற கைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற பொருளில் அவரே சொல்கிறார். அதைப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு எதுவும் ஓடவில்லை எனக்கு.

தபால்பெட்டி:

கேள்வி ஒன்று, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைசித் தொகுப்பு 'இன்சைட் தி வேவ்' 2018 ஜனவரியில் கோஸ்டா என்ற பிரிட்டிஷ் இலக்கியப் பரிசு வாங்கியது, கவிதைப் பிரிவில் மட்டுமல்ல, அந்த வருடத்தின் சிறந்த புத்தகமாகவும். அவர் இறந்து ஏழு மாதம் கழித்து. இது அனுதாபப் பரிசு என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். நான் தொகுப்பைப் படிக்கவில்லை. படித்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கொய்யாமரம்:

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோஸ்டாவில் ஐந்து பிரிவு இருந்தது: நாவல், முதல் நாவல், வாழ்க்கை வரலாறு, கவிதை, சிறுவர் நூல். ஐந்திலும் வென்ற புத்தகங்களை ஒரே மேடையில் நிறுத்தி அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வழக்கமாக இருந்தது, 2022-இல் அந்தப் பரிசையே நிறுத்திவிட்டார்கள். அந்த வருடம் எதிரில் நின்றவை சாதாரணப் புத்தகங்கள் இல்லை. நாவலில் ஜான் மெக்ரெகரின் 'ரெசர்வாயர் 13', முதல் நாவலில் கெயில் ஹனிமன் எழுதிய எலினார் ஒலிஃபன்ட் கதை, அது விற்ற விற்பனை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பரிசு விட்பிரெட் என்ற பெயரில் இருந்த காலத்திலிருந்து பார்த்தால், எழுத்தாளர் இறந்த பிறகு பெரிய பரிசு கிடைத்தது அதற்கு முன் ஒரே ஒருமுறை, டெட் ஹியூஸின் 'பர்த்டே லெட்டர்ஸ்' தொகுப்புக்கு. 

அனுதாபம் என்ற பேச்சு டன்மோரின் மொத்தப் பாதையைப் பார்த்தால் நிற்காது. 1991 புக்கர் இறுதிப் பட்டியலில் ஆறு பேருமே ஆண்கள். அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் பெண்களுக்கான ஆரஞ்சு பரிசு. 1996-இல் அது முதல்முறையாகக் கொடுக்கப்பட்டபோது வாங்கியவர் டன்மோர், 'எ ஸ்பெல் ஆஃப் வின்டர்' நாவலுக்காக. அதற்கு முன்பே 'ஸெனர் இன் டார்க்னஸ்' மெக்கிட்ரிக் பரிசு வாங்கியிருந்தது. 2010-இல் 'தி பிட்ரேயல்' புக்கர் நெடும்பட்டியலில் வந்தது. 'தி சீஜ்' குடும்பத்தின் தொடர்ச்சி அது, 1952 லெனின்கிராட், இப்போது ஆண்ட்ரே குழந்தை மருத்துவர், ரகசியப் போலீஸ் அதிகாரி ஒருவரின் மகனுக்கு வைத்தியம் பார்க்க வேண்டிய நிலை, படிக்கும்போதே வயிற்றைப் பிசையும். இதெல்லாம் உடம்பு நன்றாக இருந்தபோது வாங்கியவை.

இன்னொன்று. 2009-ஆம் ஆண்டுக்கான தேசியக் கவிதைப் போட்டியில் முதல் பரிசு இவருடைய 'தி மலார்க்கி' கவிதைக்கு. அந்தப் போட்டியில் நடுவர்களுக்குப் பெயர் தெரியாது, வெறும் கவிதைதான் அவர்கள் முன்னால் இருக்கும். ஆயிரக்கணக்கில் வந்த தாள்களுக்கு நடுவே பெயரில்லாத ஒரு தாளாகப் போய் ஜெயித்தவர். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும், தபால்பெட்டி?

தபால்பெட்டி:

நண்பருக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். அந்தக் கவிதை எதைப் பற்றியது?

கொய்யாமரம்:

பிள்ளைகளைக் காரில் உட்கார வைத்துவிட்டு, சத்தம் போடாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டு, ஒருவர் பொரித்த மீன் கடைக்குப் போகிறார். கடைக்காரரின் மேசைமேல் சாய்ந்து நிற்கும்போது ஒரே ஒரு தடவை பார்வையைத் திருப்புகிறார். நாற்பது வருடம் போய்விடுகிறது. அப்புறம் அவர் நிறுத்தியிருக்கும் கார் ஒவ்வொன்றிலும் மூச்சுப் படிந்த கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே போகிறார். சட்டைப்பையில் பிள்ளைகளுக்கு வாங்கிய மிட்டாய் உப்பிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு அமைதியாக இருக்கச் சொல்லாமல் விட்டிருந்தால், அந்தச் சத்தத்தை வைத்தாவது கண்டுபிடித்திருக்கலாம்.

இரண்டு பிள்ளைகளும் வெளியூர் போய்விட்ட வீட்டில் உட்கார்ந்து இதைப் படித்தேன்.

மரப்பாச்சி:

மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள் நான், பெரும்பாலும் அலுவலக ஆவணங்கள்தான், ஆசைக்கு எப்போதாவது கவிதை. இந்த 'மலார்க்கி' என்ற சொல்லோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். ஆங்கிலத்தில் அது அபத்தப் பேச்சு, வீண் கூத்து, பிள்ளைகளின் அட்டகாசம் எல்லாம் சேர்ந்த ஒரு பேச்சுச் சொல். முதலில் 'அமளி' என்று போட்டேன், சட்டசபைச் செய்தி மாதிரி ஆகிவிட்டது. 'குறும்பு' என்றால் சத்தம் வரவில்லை, 'கும்மாளம்' கொஞ்சம் பெரியவர்களுடையதாகத் தெரிந்தது. கடைசியில் என் பெரியம்மா சொல்கிற 'லூட்டி'தான் உட்கார்ந்தது. "பின்னாடி லூட்டி அடிக்காதீங்க!" அவ்வளவுதான், கார் வந்துவிட்டது, பின்சீட்டு வந்துவிட்டது, திரும்பிப் பார்க்காமலே அதட்டுகிற அம்மாவும் வந்துவிட்டாள்.

கொய்யாமரம் நாவலை வைத்து வாதம் செய்கிறார். எனக்கு டன்மோர் முதலில் கவிஞர்தான், அதில் சந்தேகமே இல்லை. பிளட்ஆக்ஸ் என்பது 1978-இல் நியூகாசிலில் தொடங்கிய சின்னக் கவிதைப் பதிப்பகம். நாவல்கள் பெரிய பதிப்பகங்களில் விற்றுக்கொண்டிருந்த காலத்திலும் முதல் தொகுப்பிலிருந்து கடைசித் தொகுப்பு வரை கவிதையை அங்கேயேதான் கொடுத்தார். அந்த விசுவாசம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஏவன்கரை:

பிள்ளைகளுக்கான புத்தகங்களை எல்லோரும் தாண்டிப் போகிறீர்களே. 'இங்கோ' வரிசை என் மகளுக்கு உயிர். இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஸெனர் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் பழைய மர இருக்கையின் ஓரத்தில் ஒரு கடல்கன்னியைச் செதுக்கியிருக்கிறார்கள், கையில் சீப்பும் கண்ணாடியும். அங்கே பாடிய ஒரு இளைஞனை அவள் கடலுக்குக் கூட்டிப்போய்விட்டாள் என்று ஊர்க்கதை. அதிலிருந்துதான் 'இங்கோ' தொடங்குகிறது. முதல் நாவலான 'ஸெனர் இன் டார்க்னஸ்' கதையிலும் அதே ஸெனர்தான், ஆனால் 1917, முதல் உலகப்போர்க் காலம். ஆங்கில எழுத்தாளர் டி.ஹெச். லாரன்ஸும் அவருடைய ஜெர்மன் மனைவி ஃப்ரீடாவும் அங்கே குடியிருந்தபோது நீர்மூழ்கிக் கப்பலுக்குச் சைகை காட்டுகிறார்கள் என்று ஊர் சந்தேகப்பட்டு, கடைசியில் அரசாங்கமே வெளியேறச் சொன்ன கதை. 2014-இல் வந்த 'தி லை' நாவலிலும் கார்ன்வால்தான், போரிலிருந்து தனியாகத் திரும்பிய ஒருவன். ஒரே கடற்கரைக்கு இருபது வருடம் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்.

ஈரநிலா:

'தி சீஜ்' முடித்துவிட்டேன். ராத்திரி இரண்டு மணி.

உணவுப் பொறுப்பாளர் பாவ்லோவ் உட்கார்ந்து கணக்குப் போடுகிற பகுதிகள் இருக்கின்றன அல்லவா, எத்தனை வாய், எத்தனை டன் மாவு, எத்தனை நாள் என்று. போன முறை அவற்றை வேகமாகத் தாண்டினேன். இந்த முறை அதைப் படித்துவிட்டு உடனே அன்னா வீட்டுக்குள் போகும்போது அந்த எண் ஒவ்வொன்றும் கோல்யாவின் மணிக்கட்டாகத் தெரிந்தது. என் புகாரில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி இருக்கிறது. இன்னும் சில இடங்களில் ஒரு உவமை குறைந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

மரப்பாச்சி அக்கா, கடைசிக் கவிதை பற்றி எழுதுங்களேன், சாவை அம்மாவாக எழுதியது என்று எங்கோ படித்தேன்.

மரப்பாச்சி:

ஆமாம், 'ஹோல்ட் அவுட் யுவர் ஆர்ம்ஸ்'. இறப்பதற்குச் சில நாள் முன்பு எழுதியது. தொகுப்பு ஏற்கெனவே வெளிவந்துவிட்டதால் பிந்தைய பதிப்புகளில்தான் சேர்த்தார்கள்.

மரணத்தைப் பார்த்து, கையை நீட்டி என்னை அணைத்துக்கொள் என்கிறார். கூச்சப்படுகிற குழந்தையை யாரும் பார்க்காதபடி அம்மா தூக்கி அணைத்துக்கொள்வாளே, அப்படி. தமிழில் இதைக் கொண்டுவருவதில் முதல் சிக்கல் எமன். நமக்குச் சாவு என்றாலே எருமை, பாசக்கயிறு, மீசை வைத்த ஆண். 'மரணமே' என்று விளித்தால் மேடைப் பேச்சாகிவிடுகிறது, 'சாவே' என்றால் திட்டுவது போல இருக்கிறது. மூன்று வரைவு கிழித்துப் போட்ட பிறகு விளியையே எடுத்துவிட்டு, 'கையை நீட்டு' என்று மட்டும் தொடங்கினேன். யாரிடம் கேட்கிறாள் என்பது போகப்போகத் தெரியட்டும்.

கடைசி இடம்தான் உயிர். மரணம் குனிந்து அவருடைய தலைமுடியை ஒதுக்கிவிடுகிறது. சீவாத தலை, அதனால் என்ன, பரவாயில்லை. அப்புறம் காதோடு ஒன்று முணுமுணுக்கிறது. நீண்ட பயணத்தில் பிள்ளைகள் "இன்னும் எவ்வளவு தூரம்" என்று நச்சரிக்கும்போது அம்மாமார் சொல்கிற வார்த்தைதான் அது. நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். 'நெருங்கிவிட்டோம்' என்று எழுதினால் செத்துவிடுகிறது. 'வந்தாச்சு' என்றால் வந்தே சேர்ந்துவிட்டார்கள், இன்னும் சேரவில்லை என்பதுதானே கவிதை. 'இதோ வந்துடுச்சு ஊரு' என்று போட்டுப் பார்த்தேன், அதில் ஊர் வருகிறது, அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து போகிற 'நாம்' போய்விடுகிறது. இன்னும் முடிக்கவில்லை.

கொய்யாமரம்:

'இன்னும் கொஞ்ச தூரந்தான் கண்ணு'? எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

மரப்பாச்சி:

அழகாக இருக்கிறது. ஆனால் 'கண்ணு' என்பது நாம் சேர்க்கிற சர்க்கரை, மூலத்தில் அந்த அம்மா அவ்வளவு கொஞ்சவில்லை. சாதாரணமாகச் சொல்கிறாள்.

பாண்வரிசை:

எங்கடை பஸ் பயணங்களில் நித்திரையாய்ப் போற பிள்ளையைத் தட்டி அம்மா சொல்லுறது ஒண்டு இருக்கு.

"கிட்ட வந்திட்டம்."

மரப்பாச்சி:

அண்ணா, இதை எடுத்துக்கொள்ளலாமா?